ஒளி மெதுவாகிறதா? பூம்பாறை மாணவியின் வரைபடம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பூம்பாறையிலிருந்து தினமும் பேருந்தில் கொடைக்கானலுக்கு வந்து பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவி, அறிவியல் கண்காட்சிக்காக வரைபடத் தாள் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தாள். கிடையச்சில் ஆண்டு, செங்குத்து அச்சில் ஒளியின் வேகம், மொத்தம் நான்கு புள்ளிகள். 1879இல் மைக்கல்சன் அளந்தது வினாடிக்கு 2,99,910 கிலோமீட்டர். 1882இல் நியூகோம் அளந்தது 2,99,860. 1926இல் மறுபடியும் மைக்கல்சன், 2,99,796. 1935இல் மைக்கல்சன், பீஸ், பியர்சன் மூவர் பெயரில் வெளியானது 2,99,774. நான்கையும் தொட்டும் தொடாமலும் ஒரு நேர்கோடு இறங்கியது. மேலே பச்சை மையில் தலைப்பு: ‘ஒளி மெதுவாகிக்கொண்டிருக்கிறது’.

எண்களில் பிழை இல்லை. பள்ளி நூலகத்தில் கிடந்த பழைய புத்தகத்திலிருந்து எடுத்திருந்தாள், அதன் பட்டியல் 1935ஓடு முடிகிறது. நான் தாளை முழுதாகக்கூடப் பார்க்கவில்லை. “அப்படியெல்லாம் இல்லம்மா. அது மாறிலி, மாறாது” என்றேன். அவள் விடவில்லை. “மாறலைன்னு அளந்து பார்த்துச் சொல்றாங்களா சார், இல்ல மாறாதுன்னு வச்சுக்கிட்டாங்களா?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இருபது வருடமாக அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிவருகிறவன் நான். கண்காட்சியில் நடுவராக வந்தவரும் “அப்போ ஐன்ஸ்டீன் தப்பா?” என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பிள்ளை முகம் வாடிப்போனது. அதற்கு அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அரைப் பருவம் முழுக்க, பள்ளி விட்டபின் அவளும் நானும் அந்தத் தாளோடு உட்கார்ந்தோம். என்ன செய்தோம், எங்கே தடுமாறினோம், எதுவரை போனோம் என்பதை மற்ற ஆசிரியர்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

விட்டுப்போன புள்ளிகள்

முதலில் நான் கேட்டது, புத்தகத்தில் இருந்த எல்லா எண்களையும் குறித்தாயா என்று. இல்லை. 1849இல் ஃபிசோ பற்சக்கரம் வைத்து அளந்தது ஏறக்குறைய 3,15,000, தாளுக்கு மேலே போய்விட்டது. 1862இல் ஃபூக்கோ சுழலும் கண்ணாடி வைத்துக் கண்டது 2,98,000, அது தாளுக்குக் கீழே போய்விட்டது. வியாழனின் துணைக்கோள் மறைவுகளை வைத்து 1676இல் ரோமர் சொன்ன தாமதத்திலிருந்து ஹைகன்ஸ் கணக்கிட்டது 2,20,000 அளவில்தான் வரும். “அதெல்லாம் பழசு, சரியா அளந்திருக்க மாட்டாங்கன்னு விட்டுட்டேன் சார்.”

நியாயமான பேச்சுதான். ஆனால் 1879ஐ மட்டும் ஏன் நம்பினாய் என்று கேட்டபோது கொஞ்சநேரம் யோசித்தாள். கோட்டில் உட்கார்ந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை என்று அவளே சொன்னாள். அதைச் சொல்ல ஒரு நேர்மை வேண்டும். இந்த ஆய்வு நகர்ந்தது அந்த இடத்திலிருந்துதான்.

அடுத்து பிழை எல்லைகளைப் போட்டோம். மைக்கல்சன் 1879இல் தன் எண்ணுக்கு மேலும் கீழும் 50 கிலோமீட்டர் பிழை இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். நியூகோமுக்கு 30. 1926க்கு 4. 1935க்கு 11. புள்ளிக்குப் பதிலாகச் செங்குத்துக் குச்சிகள் வந்ததும் இடப்பக்கம் நீளக் குச்சிகள், வலப்பக்கம் குட்டைக் குச்சிகள் என்று படமே வேறாகிவிட்டது. ஆனாலும் சரிவு போய்விடவில்லை. 1879இன் குச்சி இன்றைய மதிப்பான 2,99,792.458ஐத் தொடவே இல்லை, தன் பிழையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விலகி நிற்கிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

அப்புறம் கோட்டை நீட்டினோம். 1879இலிருந்து 1935 வரை 56 ஆண்டில் 136 கிலோமீட்டர், ஆண்டுக்கு ஏறக்குறைய 2.4. இதே சரிவில் போனால் 1972இல் 2,99,684 ஆகியிருக்க வேண்டும். அந்த ஆண்டு எவென்சன் குழு லேசரின் அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் தனித்தனியாக அளந்து பெருக்கிக் கண்டது 2,99,792.456. பிழை எல்லை வினாடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். கோடு கீழே போய்க்கொண்டிருக்க, அளவீடு நூறு கிலோமீட்டருக்கு மேலே நின்றது. அதற்கும் முன்பே, 1950இல், எஸ்ஸன் உலோகக் குழிக்குள் நுண்ணலையை அடைத்து அளந்தபோது 2,99,792.5 வந்திருந்தது. 1935க்குப் பிறகு ஒளி திடீரென்று வேகமெடுத்ததா என்ன?

இந்தச் சரிவைப் பார்த்து ஏமாந்த முதல் ஆள் அவள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கெரி த பிரே என்பவர் 1934இல் நேச்சர் இதழிலேயே ஒளியின் வேகம் குறைகிறது என்று எழுதினார். அன்று கையில் இருந்த எண்களை வைத்துப் பார்த்தால் அது கேட்கத் தகுந்த கேள்விதான். 1941இல் பர்ஜ் அதுவரை வந்த அளவீடுகளைத் தொகுத்து, 2,99,776, பிழை 4 என்று அறிவித்தார். உண்மையான மதிப்பு அவர் சொன்ன பிழையைப்போல நான்கு மடங்கு தள்ளி இருந்தது. 1928க்கும் 1941க்கும் இடையே வெவ்வேறு முறைகளில் அளந்தவர்கள்கூட 2,99,770களிலேயே வந்து நின்றார்கள். முன்னவர் எண்ணுக்குப் பக்கத்தில் வந்ததும் கருவியில் பிழை தேடுவதை நிறுத்திவிடுவது மனித இயல்பு. விலகி வந்தால் தேடுவோம், ஒத்து வந்தால் தேட மாட்டோம். என் மாணவி ஃபூக்கோவை விட்டுவிட்டதும் இதே வகைதான். அவள் விட்டது ஒரு மதிய நேரத்தில், அவர்கள் விட்டது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு.

எடைக்கல்லும் காய்ந்துபோனால்

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவளுடைய முதல் கேள்வி அப்படியே நின்றது. நூறு ஆண்டில் மாறவில்லை, சரி. நூறு கோடி ஆண்டில்?

1983இல் மீட்டருக்குப் புது வரையறை வந்தது. வெற்றிடத்தில் ஒளி ஒரு வினாடியின் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தூரம்தான் மீட்டர். வினாடியோ சீசியம்-133 அணுவின் 9,19,26,31,770 அதிர்வுகள். ஆக இன்று மீட்டரைக்கொண்டு ஒளியை அளந்தால் எத்தனை முறை அளந்தாலும் அதே எண்தான் வரும். “மாறாதுன்னு வச்சுக்கிட்டாங்களா” என்று அவள் கேட்டதற்கு, ஆமாம், 1983இலிருந்து வைத்துக்கொண்டார்கள். அப்படி வைத்துக்கொள்ள அதற்கு முந்தைய அளவீடுகள் தைரியம் கொடுத்தன.

இதை அவள் புரிந்துகொண்ட விதம் என் விளக்கத்தைவிட நன்றாக இருந்தது. அவள் வீட்டில் மலைப்பூண்டு போடுகிறார்கள். அறுவடை முடிந்ததும் கட்டுக்கட்டாகப் பரணில் தொங்கவிட்டுப் புகை படவைத்து, பிறகு வடுகபட்டிச் சந்தைக்கு எடுத்துப்போவார் அப்பா. காய்ச்சல் ஏற ஏற எடை குறையும் என்பது அந்த வீட்டில் குழந்தைக்கும் தெரியும். “சார், எடைக்கல்லும் பூண்டு மாதிரியே காஞ்சு எடை குறைஞ்சுதுன்னா, தராசுல ஒண்ணுமே தெரியாதுல்ல?”

அதேதான். மீட்டர் கோல் அணுக்களால் ஆனது, கடிகாரம் அணுக்களால் ஆனது. ஒளியோடு சேர்ந்து அவையும் மாறினால், எந்தக் கருவியும் எதையும் காட்டாது. அலகோடு கூடிய ஓர் எண் காலத்தால் மாறியதா என்று மட்டும் கேட்டால், அந்தக் கேள்விக்கு முழுப் பொருள் கிடைப்பதில்லை. அலகே இல்லாத எண்ணைப் பிடிக்க வேண்டும். இயற்பியலில் அப்படி ஒன்று நுண்ணமைப்பு மாறிலி: எலெக்ட்ரானின் மின்னூட்டம், பிளாங்க் மாறிலி, ஒளியின் வேகம் மூன்றும் சேர்ந்து அலகெல்லாம் அடிபட்டுப்போய் வரும் எண், ஏறக்குறைய 137.036இல் ஒரு பங்கு. மீட்டரில் அளந்தாலும் முழத்தில் அளந்தாலும் இது ஒன்றுதான். இது மாறினால் மூன்றில் எது மாறியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஏதோ மாறியது என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

மறுநாள் அவளே அடுத்த படியையும் எடுத்து வந்தாள். எடைக்கல்லை நம்ப முடியாவிட்டால் கல்லே வேண்டாம். இந்த வருடப் புதுப் பூண்டை ஒரு தட்டிலும், போன வருடம் நன்றாகக் காய்ந்த பூண்டை இன்னொரு தட்டிலும் வைத்துச் சமன்செய்தால் போதும். இரண்டும் ஒரே அளவில் எடை இழக்காது. சில வாரத்தில் முள் சாய்ந்தால் காய்ச்சல் நடக்கிறது என்று தெரிந்துவிடும். இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சநேரம் பேச்சு வரவில்லை. குவேசார் என்னும் வெகுதொலைவுப் பேரொளி மையங்களை வைத்து வானியலாளர்கள் செய்வது கிட்டத்தட்ட இதேதான், அவளுக்கு அதை நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

கோடுகளை ஒப்பிடுவது

ஒளியை நிறம் பிரித்தால் ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய இடங்களில் தெரியும் கோடுதான் நிறமாலைக் கோடு. அதைக் கொடைக்கானலில் கற்பிப்பது எளிது. 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் இங்கே இருக்கிறது. அதன் அருங்காட்சியகத்தில் சூரிய ஒளி பிரிந்து கருங்கோடுகளோடு நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். 1909இல் எவர்ஷெட் இங்கேதான் சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் கோடுகள் லேசாக நகர்ந்திருப்பதைக் கண்டு, வாயு வினாடிக்கு 2 கிலோமீட்டர் அளவில் வெளிப்புறமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். சனிக்கிழமை ஒன்றில் அவளை அங்கே அழைத்துப்போனேன். பிறகு பள்ளி ஆய்வுக்கூடத்தில் சோடியம் விளக்கை, ஒளியை நிறம் பிரிக்கும் கீற்றணி வழியாகப் பார்த்தோம். மஞ்சள் ஒரே கோடு இல்லை, இரட்டை. நடுவே 6 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). இந்த இடைவெளியை, அலைநீளத்தோடு ஒப்பிட்ட அளவில், நுண்ணமைப்பு மாறிலியின் வர்க்கம்தான் தீர்மானிக்கிறது. மாறிலி மாறினால் இடைவெளியும் மாறும்.

தொலைவில் இருக்கும் குவேசாரின் ஒளி நம்மிடம் வரும் வழியில் வாயு மேகங்களைக் கடக்கிறது. மேகத்தில் உள்ள மக்னீசியமும் இரும்பும் தங்கள் கோடுகளை அந்த ஒளியில் பதித்துவிடுகின்றன. நுண்ணமைப்பு மாறிலி மாறினாலும் மக்னீசியத்தின் கோடுகள் அதிகம் அசையாது, அது காய்ந்த பூண்டு. இரும்பின் கோடுகள் பல மடங்கு அதிகம் அசையும், அது புதுப் பூண்டு. பிரபஞ்ச விரிவால் எல்லாக் கோடுகளும் ஒரே விகிதத்தில் நீண்டாலும், இரண்டுக்கும் இடையே உள்ள உறவு கலைந்திருந்தால் அதற்குக் காரணம் வேறு.

ஆஸ்திரேலியாவில் ஜான் வெப்பும் அவர் குழுவினரும் 1999இலிருந்து இதைச் செய்தார்கள். ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியில் எடுத்த 143 மேகங்களின் பதிவுகளை வைத்து 2003இல் அவர்கள் சொன்னது: அன்றைய நுண்ணமைப்பு மாறிலி இன்றையதைவிட லட்சத்தில் 0.57 பங்கு குறைவு, பிழை 0.11. மற்ற இரண்டும் மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், அன்று ஒளி சற்று வேகமாக இருந்தது என்று பொருள். என் மாணவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் கோடு இறங்கிய திசையேதான்!

2004இல் புனேயில் உள்ள ஐயூகா என்ற வானியல் மையத்தின் ஸ்ரீஆனந்த், ஹம் சந்த், பாரிஸின் பெத்திஜான், அராசில் நால்வரும் சிலியில் உள்ள பெரும் தொலைநோக்கியின் பதிவுகளில் 23 மேகங்களை ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு வந்தது லட்சத்தில் 0.06 குறைவு, பிழை 0.06. அதாவது மாற்றம் இல்லை. வெப் தரப்பில் மர்ஃபி, அந்தப் பிழை எல்லை மிகக் குறைவாகக் கணக்கிடப்பட்டது என்று மறுத்தார். இருபுறமும் நல்ல ஆட்கள், கவனமான ஆட்கள். பல ஆண்டு இழுபறி.

இதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அதற்குப் பிறகு வருகிறது. லட்சத்தில் 0.57 என்பது கோடுகளில் எவ்வளவு நகர்வு? வேகக் கணக்கில் சொன்னால் வினாடிக்கு 120 மீட்டர் அளவு. எவர்ஷெட் கண்டதைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் சிறியது. அவ்வளவு நுட்பமாக அளக்கும்போது, ஒளியை நிறம் பிரித்துப் பதியும் நிறமாலைமானியின் அளவுகோலே சரியா என்று பார்க்க வேண்டும். சோதிக்க அவர்கள் எடுத்துக்கொண்டது சூரிய ஒளி. குறுங்கோள்களில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியையும், சூரியனைப் போன்ற விண்மீன்களின் ஒளியையும் அதே நிறமாலைமானிகளில் பதிவுசெய்து, நன்கு தெரிந்த சூரியக் கோடுகளோடு ஒப்பிட்டார்கள். 2015இல் விட்மோரும் மர்ஃபியும் வெளியிட்ட முடிவு: அளவுகோல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெல்ல வளைந்திருக்கிறது, முன்பு கண்ட மாற்றங்களைப் பெருமளவு இந்த வளைவே உண்டாக்கியிருக்கலாம். தன் குழுவின் கண்டுபிடிப்பையே அசைக்கும் சோதனையை மர்ஃபி தானே முன்னின்று செய்தார். ஒத்து வரும்போதும் தேடியவர் அவர். 2022இல் அவரும் மற்றவர்களும் எஸ்பிரெஸ்ஸோ என்ற புதிய நிறமாலைமானியால், சம இடைவெளியில் கோடுகள் தரும் லேசர் சீப்பை அளவுகோலாக வைத்து, 800 கோடி ஆண்டுக்கும் மேல் பழைய ஒளியை அளந்தார்கள். பத்து லட்சத்தில் 1.3 பங்கு வித்தியாசம், அதே 1.3 பிழை. பூஜ்யத்தோடு முழுக்க ஒத்துப்போகிறது.

மற்ற இரண்டு சாட்சிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆப்பிரிக்காவின் கபோன் நாட்டில் ஒக்லோ என்ற இடத்து யுரேனியத் தாதுவில், 1972இல், யுரேனியம்-235இன் பங்கு 0.720 விழுக்காட்டுக்குப் பதில் 0.717 என்று வந்தது. 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இயற்கையாகவே அணு உலை எரிந்திருக்கிறது. நியூட்ரானை விழுங்குவதில் அந்தத் தாதுவில் இருந்த சமாரியம்-149 என்ற தனிம வகைக்கு உள்ள பசி நுண்ணமைப்பு மாறிலியை மிக நுணுக்கமாகச் சார்ந்தது. மிச்சமிருந்த சமாரியத்தை வைத்து 1976இல் ஷ்லியாக்டர் தொடங்கிவைத்த கணக்கின்படி, அன்றும் இன்றும் வித்தியாசம் கோடியில் ஒரு பங்குக்கு மேல் போகாது. இரண்டாவது, அணுக் கடிகாரங்கள். அலுமினியக் கடிகாரத்தையும் பாதரசக் கடிகாரத்தையும் ஒன்றோடொன்று ஓடவிட்டு 2008இல் வெளியான முடிவில், ஆண்டு மாற்றம் ஆயிரம் கோடி கோடியில் இரண்டு மூன்று பங்கு என்ற பிழைக்குள் பூஜ்யம். என் மாணவியின் கோடு கேட்பதோ ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் 8 பங்கு. மற்றவை மாறாமல் ஒளியின் வேகம் மட்டும் அப்படிக் குறைந்திருந்தால், இந்தக் கடிகாரங்கள் அதை முதல் நாளிலேயே காட்டியிருக்கும்.

தாமதம் வேறு, மாற்றம் வேறு

நடுவில் ஒருநாள் அவள் குழம்பி வந்தாள். சுழன்றுகொண்டே சீராக வானொலி அலை வீசும் துடிப்பு விண்மீன்களிலிருந்து வரும் துடிப்பு தாழ்ந்த அதிர்வெண்ணில் பிந்தி வருகிறது என்று படித்திருக்கிறாள். இதற்கு உதாரணம் பக்கத்து மலையிலேயே இருக்கிறது. நீலகிரியில் முத்தோரைச் சரிவில் 1970இல் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் நிறுவிய 530 மீட்டர் நீள வானொலித் தொலைநோக்கி, 326.5 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது. ஏறக்குறைய ஆயிரம் ஒளியாண்டு தொலைவில் உள்ள வேலா துடிப்பு விண்மீனின் துடிப்பு அந்த அதிர்வெண்ணில், கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட 2.6 வினாடி பிந்தி வரும். வழியில் சிதறிக்கிடக்கும் எலெக்ட்ரான்கள் இழுத்துப் பிடிப்பதால் வரும் தாமதம் அது. அலைநீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் தாமதம் கூடுகிறது என்பதே அதன் அடையாளம். மூடுபனியில் வண்டி மெதுவாகப் போவதால் வண்டியின் எஞ்சின் பலவீனமாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். கொடைக்கானல் பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இன்னும் மூடாத கதவு

எல்லாம் முடிந்தது என்று அவளிடம் சொல்லவில்லை. குவேசார்களும் ஒக்லோவும் கடிகாரங்களும் பேசுவது, பிரபஞ்சத்தில் அணுக்களும் மேகங்களும் வந்துவிட்ட பிறகு உள்ள காலத்தை. அதற்கு வெகுமுன், முதல் வினாடியின் மிகச் சிறு பகுதியில், ஒளி மிக வேகமாக இருந்திருக்கலாம் என்று 1990களில் மொஃபட்டும், பிறகு ஆல்பிரெக்ட், மகெய்ஜோ இருவரும் எழுதினார்கள். வானத்தின் எதிரெதிர்த் திசைகள் ஒரே வெப்பநிலையில் இருப்பதை விளக்க அவர்களுக்கு அது தேவைப்பட்டது. 2016இல் அஃப்ஷோர்தியும் மகெய்ஜோவும், தங்கள் கொள்கை சரியென்றால் ஆதி அலைகளின் வலிமை அவற்றின் நீளத்துக்கேற்ப எப்படி மாறுகிறது என்பதைச் சொல்லும் நிறமாலைச் சுட்டெண் 0.96478 வர வேண்டும் என்று துணிந்து எழுதிவைத்தார்கள். பிரபஞ்சத்தின் ஆதி ஒளியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் 2018 முடிவு 0.9649, பிழை 0.0042. ஒத்துப்போகிறது. ஆனால் பிரபஞ்சம் திடீரென்று ஊதிப்பெருத்தது என்ற போட்டிக் கொள்கையின் பல வடிவங்களும் அதே எல்லைக்குள் வருகின்றன. பிழை எல்லை இன்னும் சுருங்கினால்தான் தெரியும். தோற்கக்கூடிய எண்ணை முன்கூட்டியே எழுதிவைத்த அந்தத் துணிவு எனக்குப் பிடிக்கிறது.

வரைபடத்தை அவள் மறுபடி வரைந்தாள். மூன்று தாள்களை ஒட்டிய நீளப் படம், 1676இலிருந்து 1983 வரை. விட்டுப்போன ரோமர், ஃபிசோ, ஃபூக்கோ மூவரும் சிவப்பு மையில். ஒவ்வொரு புள்ளிக்கும், அளந்தவரே சொன்ன பிழை தெரிந்த இடத்திலெல்லாம், குச்சி. 1983இல் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, ‘இதற்குப் பிறகு மீட்டரை ஒளி அளக்கிறது’ என்று எழுதினாள். பழைய தலைப்பை அடிக்கவில்லை, முடிவில் ஒரு கேள்விக்குறி மட்டும் சேர்த்தாள்.

தராசுச் சோதனையையும் விடவில்லை. அப்பாவின் பழைய தட்டுத் தராசைப் பரணுக்குக் கீழே தொங்கவிட்டு, ஒரு தட்டில் அன்று பிடுங்கிய பூண்டு, மறு தட்டில் போன வருட விதைப்பூண்டு, கல் இல்லாமல் சமன்செய்து வைத்தாள். “விதைப்பூண்ட எடுத்து வெளையாடுறியா?” என்று முதல் வாரம் கடிந்துகொண்ட அப்பா, மூன்றாவது வாரம் என்னைக் கூப்பிட்டார். “சார், பழைய பூண்டுப் பக்கம் தட்டு எறங்கிருச்சு. இதுக்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க.” ஞாயிற்றுக்கிழமை காலைப் பேருந்தில் பூம்பாறைக்குப் போனேன், அந்த நீளப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு.